தனுஷ்கோடி போய்வந்த வண்டியின் அடியில் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அரிச்சல்முனையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. சாலை முடியும் அந்த வட்டத்தில், சிங்கமுகத் தூணைச் சுற்றி வேன்களும் கார்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். இடது பக்கம் பாக் நீரிணை. வலது பக்கம் மன்னார் வளைகுடா. ஒன்று பெண் கடல், மற்றது ஆண் கடல் என்பது இந்த ஊர்க் கணக்கு. வந்தவர்கள் எல்லோரும் இரண்டு கடலையும் ஒரே செல்ஃபிக்குள் அடக்கப் பார்க்கிறார்கள்.

குனிந்து வண்டியின் அடியைப் பார்ப்பவர் யாரும் இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. சுற்றிப்பார்க்க வந்த இடத்தில் டீசல் டேங்கையா பார்ப்பார்கள்? ஆனால் இந்தக் கடற்கரையில் பிழைப்பு நடத்தும் பிக்கப் வண்டிக்காரருக்கு அதுதான் முதல் கவலை. மீன் பெட்டியோ, கருவாட்டு மூட்டையோ, காய்ந்த கடல்பாசியோ ஏற்றிக்கொண்டு மணலுக்கும் தார்ச்சாலைக்கும் இடையே தினமும் ஓடும் வண்டி அது. பெரும்பாலும் கடனில் வாங்கியது. அதன் அடியில், சேசிஸின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் தகரப் பெட்டிதான் டீசல் டேங்க். அதற்குக் கீழே சிலர் ஓர் இரும்புத் தகடு மாட்டியிருப்பார்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்கிட் பிளேட்’. பட்டறையில் போய் ‘டேங்க் கார்டு’ என்றால் புரிந்துகொள்வார்கள். கல்லிலோ கட்டையிலோ வண்டி உரசினால் அடி டேங்குக்குப் போகாமல் தகடே வாங்கிக்கொண்டு வழுக்கிப் போக வேண்டும். அதுதான் அதன் வேலை.

உலகம் முழுக்க இதே கதைதான். ராமநாதபுரம் கடற்கரையில் மட்டும் கதை கொஞ்சம் மாறுகிறது. இங்கே டேங்கைக் காப்பாற்ற மாட்டிய தகடே டேங்கைத் தின்றுவிடும்!

சாலை இல்லாத அரை நூற்றாண்டு

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குப் போனது. ரயில் நிலையம், தேவாலயம், தபால் நிலையம் என்று ஓர் ஊரே அழிந்தது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் திரும்பி வந்தார்கள், ஓலைக் குடிசை போட்டார்கள், கரைவலை இழுத்தார்கள். அவர்களோடு திரும்பி வராதது ரயிலும் சாலையும்தான்.

சாலை வர 2017 ஆனது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர். 2017 ஜூலை 27 அன்று, பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் திறக்கப்பட்ட அதே நாளில் இந்தச் சாலையும் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன்பு அங்கே போய்வந்தவர்களைக் கேட்டால் ஒரு வேன் பயணத்தின் கதை வரும். முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அங்கிருந்து பழைய ஜீப்பிலோ வேனிலோ ஆட்களை அடைத்து ஏற்றுவார்கள். முன்னே போன வண்டியின் தடத்திலேயே சக்கரத்தை விட்டு, பாதி மணலிலும் பாதி தேங்கிய கடல் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். உள்ளே இருப்பவர்களின் தலை கூரையில் இடிக்கும். ஜன்னல் வழியே உப்புத் தண்ணீர் முகத்தில் தெறிக்கும். சுற்றுலாவுக்குப் போனவர்களுக்கு அது ஒருநாள் வேடிக்கை. வண்டிக்கு அது தினப்படி குளியல்.

அந்தத் தடத்தில் கல் குறைவு, ஆபத்து மணல்தான். ஈர மணல் கெட்டியாக இருக்கும். காய்ந்த மணலில் சக்கரம் இறங்கினால் வண்டியின் அடிவயிறு தரையில் உட்கார்ந்துவிடும். அப்போது எடையைத் தாங்குவது சக்கரம் அல்ல. அச்சும், கியர் பெட்டியும், சில வண்டிகளில் டீசல் டேங்கும்தான்.

ஜீப்புக்கு இந்த விஷயத்தில் ஒரு பூர்வீக அனுகூலம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பிலேயே கியர் பகுதிக்கு அடியில் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். எரிபொருள் டேங்க் இருந்தது ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழே! இன்றைக்கு நினைத்தால் பகீரென்று இருக்கும். ஆனால் கல்லும் சேறும் எட்டாத உயரத்தில் டேங்க் பத்திரமாக இருந்தது. அந்த ஜீப்பின் வழிவந்தவைதான் மஹிந்திராவின் பழைய ஜீப்புகள். சரக்கு ஏற்றுவதற்கென்றே வந்த பிக்கப்களின் அமைப்பு வேறு. பின்னால் தொட்டி முழுக்கச் சரக்குக்கு வேண்டும் என்பதால் டேங்க் சேசிஸின் பக்கவாட்டுக்குப் போனது. முன்சக்கரம் வாரி இறைக்கும் மணலும் தண்ணீரும் நேராக அதன்மேல்தான் விழும்.

கட்டை குத்தும் ஊர், உப்பு தின்னும் ஊர்

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓடும் எல்லா வண்டிக்கும் ஒரே பிரச்னை அல்ல. முதுகுளத்தூர், கமுதி பக்கம் போனால் சரக்கு வேறு. புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய், மூட்டத்தில் எரித்த கரி, கண்மாய் வண்டல். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் அதே மண் வெடித்துக் கல்லாகிவிடும். அதைவிட மோசம், வெட்டிய சீமைக்கருவேலத்தின் அடிக்கட்டை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சாய்வாக வெட்டப்பட்டு ஈட்டி மாதிரி நிற்கும். புல் மறைத்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது. டேங்கின் அடியில் ஒரு குத்து, அவ்வளவுதான்.

அங்கே டேங்க் கார்டு சரியான மருந்து. கனமான தகடு, இறுக்கமான போல்ட், முன்பக்க விளிம்பு மேல்நோக்கி வளைந்திருந்தால் போதும். கட்டை தகட்டில் மோதும், சறுக்கும், வண்டி தாண்டிவிடும்.

அதே தகட்டை அப்படியே கொண்டுவந்து மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ ஓடும் வண்டிக்கு மாட்டினால்தான் சிக்கல். கிழக்கே உச்சிப்புளியைத் தாண்டினால் காற்றே வேறு. இரண்டு பக்கமும் கடல் நெருங்கி வருகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளில் அந்த உப்பு காற்றோடு வந்து எல்லாவற்றின் மீதும் படிகிறது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மின்விசிறி, வண்டியின் அடிப்பாகம் எதையும் அது விடுவதில்லை. படிந்த உப்பு சும்மாவும் இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். கடற்கரையில் இரவானால் அந்த அளவு ஈரம் சாதாரணம். அதாவது, மழையே வேண்டாம். நிழலில் நிறுத்திவைத்த வண்டிகூட இரவெல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பகுதியின் அரிப்புத் தன்மை ஆய்வாளர்களுக்கும் பழக்கமானது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் முகாமில் ஒரு கிளையே வைத்து, உலோகங்கள் கடல்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று பார்த்துவருகிறது. அங்கே சோதனைக்காகத் தகடுகளைக் காற்றில் வைக்கிறார்கள். வண்டிக்காரர்கள் அதே சோதனையைச் சொந்தச் செலவில் செய்கிறார்கள்.

ஏற்றும் சரக்கும் உப்புதான் என்பது இன்னொரு கொடுமை. மீன் பெட்டியில் பனிக்கட்டி உருகி வழியும் தண்ணீர், கருவாடு, கடல்பாசி எல்லாவற்றிலும் உப்பு. மாவட்டத்தின் தென்கரையில் மாரியூர், வாலிநோக்கம் பக்கம் போனால் உப்பையே ஏற்றுகிறார்கள். 1974-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் அங்கேதான் இருக்கிறது. மேலேயிருந்து ஒழுகும் உப்பு, கீழேயிருந்து தெறிக்கும் உப்பு. நடுவில் மாட்டிக்கொண்டது டேங்க்.

தகடு செய்யும் துரோகம்

இப்போது அந்த இரும்புத் தகடு. டேங்குக்கு அடியில், நான்கு பக்கமும் மடித்து, ஒரு தட்டு மாதிரி மாட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும். ஆனால் முன்சக்கரம் வாரி இறைக்கும் மணல் எங்கே போகும்? டேங்குக்கும் தகட்டுக்கும் இடையில்தான். உள்ளே போன மணலுக்கு வெளியே வர வழி இல்லை. அந்த மணல் உப்பைப் பிடித்துவைக்கிறது, உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. வெயிலும் காற்றும் அங்கே எட்டாது. டேங்கின் அடிப்பக்கம், உப்பில் ஊறிய ஈரத்துணியைச் சுற்றிக் கட்டியதுபோல மாதக்கணக்கில் கிடக்கும்.

தகடு இல்லாத டேங்க்காவது ஓட்டத்தில் காய்ந்துவிடும். குனிந்து பார்த்தால் துரு கண்ணில் படும். தகடு போட்ட டேங்கில் இரண்டும் நடக்காது. கீழேயிருந்து பார்த்தால் பெயின்ட் அடித்த தகடு பளபளவென்று தெரியும். அதற்கு மேலே டேங்க் காகிதமாகிக்கொண்டிருக்கும்.

ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? டீசல் சொட்டும், காசு போகும் என்பது மேலோட்டமான கணக்கு. முதலில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதன் வழியே ஈரமும் துருத்தூளும் டீசலில் கலக்கலாம். இன்றைய வண்டிகளின் காமன் ரெயில் இன்ஜெக்டர்களுக்குத் தூசியும் தண்ணீரும் ஆகவே ஆகாது. அவை பழுதானால் வரும் பில் ஒரு புது டேங்கின் விலையைச் சாதாரணமாகத் தாண்டும். இரண்டாவது, சாலை. பாம்பன் சாலைப் பாலத்தில் மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் தண்ணீரில் பைக்குகள் வழுக்குவது பழைய புகார். அதோடு டீசலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மூன்றாவது, சரக்கு. கேரளாவுக்குப் போகிற மீன் வண்டி நடுவழியில் டேங்க் ஒழுகி நின்றால் பனிக்கட்டி காத்திருக்காது. விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேராத மீனுக்கு யார் விலை கொடுப்பார்கள்?

அப்படியானால் தகடே வேண்டாமா? வேண்டும். கரைவலை இழுக்கும் இடம் வரை மணலில் இறங்குகிற வண்டிக்கும், கல் பரப்பிய ஓரங்களில் ஏறி இறங்குகிற வண்டிக்கும் அடிப்பாதுகாப்பு அவசியம். தனுஷ்கோடிச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல் சீறும் மாதங்களில் அலை தடுப்புக் கற்களைத் தாண்டித் தார்மேல் விழுகிறது. காற்று மணலை வாரிச் சாலையில் மேடு போடுகிறது. மணலும் கல்லும் உப்புத் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைக்கும் சாலை இது. தகடு வேண்டும், ஆனால் எதையும் பிடித்துவைக்காத தகடு வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

கணக்கை எடையிலிருந்து தொடங்கலாம். ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சுமார் 14 கிலோ. அதே அளவில் 4 மில்லிமீட்டர் அலுமினியம் ஆறரை கிலோதான். இரும்பு அடி தாங்கும், ஆனால் துருப்பிடிக்கும். அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது, ஆனால் கூரான கல்லில் சீக்கிரம் கிழியும். பலர் அலுமினியத் தகட்டை வாங்கி, ‘துருவே பிடிக்காது’ என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேராகப் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்புத் தண்ணீர். கிட்டத்தட்ட ஒரு பேட்டரிதான்! போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கும். இரண்டும் தொடாதபடி நைலான் வாஷரும் குழாயும் வைத்தால் பிரச்னை இல்லை.

மணலிலும் கல்லிலும் ஓடும் பிக்கப்புக்கு இரும்பே நல்லது, கால்வனைஸ் செய்தால். சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் தகட்டை முக்கி எடுக்கும் முறை அது. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. வெட்டுவது, வளைப்பது, துளை போடுவது எல்லாவற்றையும் முடித்துவிட்டு அப்புறம்தான் முக்க வேண்டும். கால்வனைஸ் தகட்டை வாங்கிவந்து பட்டறையில் துளை போட்டால், அந்தத் துளையின் விளிம்பில்தான் துரு முதல் வீடு கட்டும். முக்கி எடுக்கும் வசதி எல்லா ஊரிலும் இல்லை. துத்தநாகம் கலந்த பிரைமரும் அதன்மேல் எபாக்சி பெயின்ட்டும் அடுத்த வழி. வெறும் கறுப்பு பெயின்ட் என்றால் அது ஒரு மழைக்காலத்துக்குக்கூட வராது.

வடிவம்தான் இதில் முக்கியம். முன்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கட்டும், பின்பக்கம் திறந்திருக்கட்டும். டேங்குக்கும் தகட்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு விரல்கடை இடைவெளி இருக்க வேண்டும், தண்ணீர்க் குழாயை உள்ளே விட்டு அடித்தால் மறுபக்கம் மணல் கொட்ட வேண்டும். துளைகள் கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பெரிதாக வேண்டும். சுண்டுவிரல் துளையை ஈர மணல் ஒரே நாளில் அடைத்துவிடும். தகடு ஆடிச் சத்தம் போடுகிறது என்று சிலர் டேங்குக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் ஷீட்டோ சாக்கோ திணிப்பார்கள். அதைவிடத் தண்ணீர்த் தொட்டியிலேயே டேங்கை வைத்துவிடலாம். ரப்பர் வேண்டுமென்றால் போல்ட் பிடிக்கும் இடத்தில் மட்டும்.

எங்கே பிடிப்பது? சேசிஸில் கம்பெனி போட்டுவைத்த துளைகளிலோ, அதைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பிலோ. சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் புதிதாகத் துளை போடவே கூடாது. சுமையை வாங்கும் இடமே அதுதான். டேங்கைத் தாங்கும் ஸ்ட்ராப்பின் போல்ட்டிலேயே தகட்டையும் சேர்த்து மாட்டினால், தகட்டில் விழும் அடி அப்படியே டேங்குக்குப் போய்விடும். பிறகு தகடு எதற்கு? டீசல் வடிக்கும் மூடியைத் திறக்கத் தகட்டில் ஒரு வழி விட வேண்டும். சைலன்சர் குழாய் பக்கத்தில் ஓடினால் அதற்கும் இடம் விட வேண்டும். வாரன்டி உள்ள வண்டி என்றால் கம்பெனி சர்வீஸில் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

வெல்டிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டேங்க் வண்டியில் இருக்கும்போது அதன் பக்கத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. டேங்க் காலிதானே, பயமில்லை என்று நினைப்பது பெரிய தப்பு. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே மிச்சமிருக்கும் எரிபொருளின் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், சூடு பட்டால் வெடிக்கும். தகட்டு வேலை எல்லாம் வெளியே முடிந்து, வண்டிக்கு அடியில் ஸ்பேனர் மட்டுமே போக வேண்டும்.

இப்போது பல வண்டிகளில் டேங்கே பிளாஸ்டிக்கில் வருகிறது. துருவுக்கு வேலை இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. அந்த பிளாஸ்டிக் டேங்கையும் பெரும்பாலும் இரும்பு ஸ்ட்ராப்தான் தாங்குகிறது. டேங்கோடு ஒட்டிக்கிடக்கும் ஸ்ட்ராப்பின் உள்பக்கம் மணலும் உப்பும் சேர்ந்து அரிக்கும். நிறைந்த டேங்கின் எடையை ஒருநாள் அது தாங்காது. ஸ்ட்ராப்பைக் கண்ணால் பார்க்கவும் கையால் தடவவும் தகட்டில் இடம் இருக்க வேண்டும்.

பாலத்துக்கும் இதே வைத்தியம்

வண்டிக்காரரின் கவலை பெரிய அளவில் எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று வடக்கே பார்த்தால் போதும். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலம் நூறு ஆண்டுகளுக்கு மேல் உப்புக்காற்றோடு மல்லுக்கட்டியது. ஓயாமல் பெயின்ட் அடித்தார்கள், உறுப்புகளை மாற்றினார்கள். கடைசியில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதியில் அரிப்பு கூடிப்போய், 2022 டிசம்பரில் ரயில் ஓட்டமே நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் செய்திருப்பதைப் பாருங்கள். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே பாலிசிலோக்சேன் பூச்சு, போல்ட் இணைப்புக்குப் பதில் முழுக்க வெல்டிங் இணைப்பு. இரண்டு இரும்பு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில்தான் உப்புத் தண்ணீர் தங்கும். இடுக்கைக் குறைத்தால் துருவுக்கு இடம் குறையும். டேங்குக்கும் தகட்டுக்கும் நடுவே நடப்பதும் அதே இடுக்குச் சண்டைதான்.

தனுஷ்கோடியில் இதன் இன்னொரு முகம் நிற்கிறது. பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் புயலுக்குப் பிறகும் இத்தனை ஆண்டுகளாக நிற்கின்றன. கடலிலிருந்து வந்த கல்லைக் கடல் அவ்வளவு சுலபமாகத் தின்பதில்லை போலிருக்கிறது.

தீர்த்தமாடிவிட்டுக் கிளம்புங்கள்

ராமேஸ்வரம் வந்த பக்தர்கள் முதலில் அக்னி தீர்த்தமான கடலில் முழுகுவார்கள். பிறகு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களின் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொள்வார்கள். கடல் குளியலோடு யாரும் ஊருக்குக் கிளம்புவதில்லை. வண்டிக்கும் அந்த மரியாதையைச் செய்யலாம்! அரிச்சல்முனை போய்வந்த அன்றே, இரவு தாண்டுவதற்குள், நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸில் விட்டால் மேலே சோப்புப் போட்டுப் பளபளப்பாக்கித் தருவார்கள். சக்கர வளைவின் உள்பக்கம், சேசிஸ், டேங்கின் மேல்பக்கம், தகட்டின் உள்பக்கம் என்று கேட்டு வாங்க வேண்டும். டேங்கின் மேல்பக்கம் பலருக்கு மறந்துபோகும். மணல் தங்குவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. தீவில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு உண்டு. அங்கே முடியாவிட்டால் ராமநாதபுரம் வந்ததும் செய்யலாம். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர்தான்.

கிணற்று நீரிலேயே உப்புக் கரிக்கும் இடம் என்றால் அதில் கழுவுவது வீண்வேலை. பழைய இன்ஜின் ஆயிலைச் சேசிஸில் பூசுவது பல ஊர்களில் உள்ள பழக்கம். துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். ஆனால் அது மணலை ஒட்டவைத்துக்கொள்ளும், ரப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுக்கும். போதாததற்குச் சொட்டுச் சொட்டாகக் கடற்கரை மணலில் இறங்கும். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் பக்கத்தில் நின்றுகொண்டு செய்கிற காரியமா அது? மெழுகு கலந்த அடிப்பூச்சு கடைகளில் கிடைக்கிறது. கொஞ்சம் கூடுதல் செலவு, அவ்வளவுதான். அதையும் துருவைச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே அடிக்க வேண்டும். ஈர உப்பின் மேல் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல ஆகிவிடும்.

மீன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்றால், அதற்கும் இந்தக் கடற்கரையில் ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகுகளைக் கரையேற்றி அடிப்பலகை பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை தைப்பார்கள். சரக்கு குறைந்து நிற்கும் பிக்கப்பையும் அந்த நாள்களில் ஒருமுறை பட்டறைக் குழியின்மேல் ஏற்றலாம். தகட்டை முழுசாகக் கழற்றி, டேங்கின் அடியை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். திண்ணென்று சத்தம் வந்தால் சுரண்டிப் பூச்சு அடித்து மாட்டலாம். சத்தம் சொத்தையாக இருந்தாலோ, விரல்பட்ட இடத்தில் துரு ஏடு ஏடாக உரிந்தாலோ டேங்கை மாற்றிவிட வேண்டும். ஒட்டுப்போடும் ஆசை வேண்டாம். புதிதாக மாட்டிய தகட்டின் போல்ட்டுகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். தடைக்காலம் முடிந்து முதல் நடை மீன் இறக்கிவிட்டுத் திரும்பியதும், பெட்டிகளைக் கழுவுகிற அதே குழாயடியில் நான்கு போல்ட்டையும் ஒரு சுற்று முறுக்கிப் பார்த்துவிடலாம்.